ரோஸ்லின் அக்காவின் வடக்குச் சுவர்

"உள்ள நின்னுக்கினே வெளிச் செவுத்துக்கு அடிக்கிற மாரி பெயின்ட் எதுனா கீதா தம்பி?"

வில்லியனூரில் நான் வேலை பார்க்கும் பெயின்ட் கடைக்கு வந்து ரோஸ்லின் அக்கா கேட்ட முதல் கேள்வி இதுதான். கல்லாவில் இருந்தவர் சிரித்தார். கலர் கலக்கும் மெஷினுக்குப் பக்கத்தில் நின்ற பெயின்டர்களும் சிரித்தார்கள். அவர்களில் ஒருவர், "ஏம்மா, சட்டய உள்பக்கம் தோச்சா வெளிப்பக்கம் வெளுக்குமா?" என்றார்.

"உன் சட்ட ரெண்டு பக்கமும் வெளுக்கல. நீ பேசாத" என்றார் ரோஸ்லின்.

ஐம்பது வயதைத் தாண்டியவர். கழுத்தில் கறுத்துப்போன சிலுவை, கையில் ரப்பர் பேண்ட் போட்ட பட்டன் போன். பேச்சில் தணிவு கிடையாது. கேட்டதற்குப் பதில் கிடைக்காமல் நகரமாட்டார் என்று தெரிந்ததும், கடைக்காரர் என்னைக் காட்டி, "தம்பி டிகிரி படிச்சவரு. செவுத்துல ஈரம் எவ்ளோ கீதுன்னு மிஷின வெச்சே சொல்லிடுவாரு. இட்டுனு போம்மா" என்றார். வெளிச்சுவர்களை அளந்து, ஓதம் பார்த்து, எத்தனை லிட்டர் ஆகும் என்று சொல்வதுதான் அங்கே என் வேலை. காட்டேரிக்குப்பத்தில் எங்கள் குடும்பத்தின் முதல் பட்டம் என்னுடையது, பி.எஸ்ஸி. இயற்பியல். அது சுவருக்குத்தான் பயன்படுகிறது என்றாலும் எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

மறுநாள் குருவிநத்தம் போனேன். தெருமுனையிலிருந்தே வீடு தெரிந்தது. சுண்ணாம்புக் காரையில் கட்டிய பழைய ஓட்டு வீடு. முன்சுவரில் புதுச் சிமென்ட் பூச்சும் மாம்பழ மஞ்சளும். தெற்குச் சுவரும் பின்சுவரும் அப்படியே. வெளித்தோற்றத்துக்கு நேற்றுக் கட்டிய வீடு என்றே சொல்லலாம். அக்கா என்னை உள்ளே அழைத்துப் போய் வடக்கு அறையைத் திறந்தார். சுவரெல்லாம் உப்பு பூத்திருந்தது. விரலால் தொட்டதும் காரை மாவாக உதிர்ந்தது. ஈரம் பார்க்கும் கருவியை வைத்தேன். முள் போகக்கூடிய கடைசி இடம் வரைக்கும் போய் நின்றுவிட்டது.

"இது வெளிய பூசாம தாங்காதுக்கா. ஐப்பசி மழ வடகெழக்குலேர்ந்துதான் சாத்தும்."

"அது எனக்குத் தெரியாதா? வெளிய நிக்கறதுக்கு எடம் எங்க?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுவர் முடியும் இடத்தில் அவருடைய மனையும் முடிந்துவிட்டது. அதற்கு அந்தப் பக்கம் காலி மனை. அந்தக் காலத்தில் இரண்டு மனையும் ஒருவருடையது; அதனால் எல்லையிலேயே சுவரை எழுப்பிவிட்டார்கள். வெளிப்பக்கம் பூச வேண்டுமென்றால் காலி மனையில் சவுக்குக் கழி ஊன்றிச் சாரம் கட்டித்தான் ஆக வேண்டும். அந்த மனை இராமச்சந்திரனுடையது. பாகூர் கடைத்தெருவில் சிமென்ட், கம்பி, பெயின்ட் வியாபாரம் செய்பவர். மற்ற மூன்று சுவர்களுக்கும் ஒரு மூட்டை குறையாமல் சிமென்ட் விற்றது அவர்தான். பெயின்டும் அவர் கடைதான். நாலாவது சுவரைப் பற்றிப் பேச்செடுத்த பிறகு அக்கா அந்தக் கடையின் படி ஏறவில்லை. வில்லியனூர் வரைக்கும் வந்ததற்கு அதுதான் காரணம்.

ரோஸ்லின் அதே ஊரில் வயல் வேலை செய்த குடும்பம். சிறு வயதிலேயே கல்யாணம் முடிந்து, சிறு வயதிலேயே புருஷனும் செத்துப்போனான். பிறகு ஒரு மாணவியர் விடுதியில் சமையல். முந்நூறு பேருக்குச் சாம்பார் வைத்துவிட்டு அரிசி மூட்டைகளுக்கு நடுவில் பாய் விரித்துப் படுப்பார். தூங்கும்போதுகூட யாராவது கதவைத் தட்டிப் பெருங்காயம் கேட்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். விடுதியிலிருந்து நின்றபோது வந்த பணத்தில் இந்த வீட்டை வாங்கினார். சொந்தக்காரர்கள் சென்னையில் இருந்தார்கள். இடிந்த வீட்டைச் சும்மாவே தந்துவிடுவார்கள் என்று இராமச்சந்திரன் பல வருஷமாகக் காத்திருந்தார். அதை வாங்கித் தன் மனையோடு சேர்த்துக் கொடோன் கட்டுவதாக அவருக்குத் திட்டம். ஒரு சமையல்காரி கேட்ட விலையைக் கொடுத்து அந்தத் தெருவுக்கே குடி வருவாள் என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். தெருவும் நினைக்கவில்லை. அக்கா குடிவந்த அன்று பால் காய்ச்சித் தம்ளர்களில் ஊற்றி வைத்தார். எதிர்வீட்டுக்காரர்கள், "வெரதம்மா" என்றார்கள். வெள்ளிக்கிழமைகூட இல்லை அன்று.

அக்கா கேட்டுக்கொண்டதால் நானும் அவரோடு இராமச்சந்திரன் கடைக்குப் போனேன். மனிதர் மென்மையானவர். அதட்டிப் பேசி நான் கேட்டதில்லை.

"வாங்க சார், ஒக்காருங்க" என்று எனக்கு நாற்காலியைக் காட்டினார். அக்காவுக்கு எதையும் காட்டவில்லை. "எந்தூரு நீங்க?"

"காட்டேரிக்குப்பம்."

"காட்டேரிக்குப்பத்துல எந்தப் பக்கம்?"

சொன்னேன். "அப்டியா. சரி, சொல்லுபா" என்றார். அதற்குப் பிறகு 'சார்' வரவில்லை.

"மொதலாளி, ஒரே வாரம். கழி ஊனி பூசிட்டு, மண்ணக்கூடக் கூட்டிக் குடுத்துடறேன்" என்றார் அக்கா.

"நான் வேணாம்னா சொன்னேன்? ஆடி முடியட்டுமே. ஆடியில யாராச்சும் செவுத்துல கை வெப்பாங்களா?"

ஆடி முடிந்தது. ஆவணியில் அவர் தம்பி மகள் கல்யாணம். பந்தல் சாமான் அந்த மனையில் கிடந்தது. கல்யாணம் முடிந்ததும் புரட்டாசி, பெருமாள் மாசம் என்றார். ஒரு முறைகூட அவர் வாயிலிருந்து 'முடியாது' வரவில்லை. மழைக்காலம் அவருக்காக வேலை செய்யப்போகிறது, அவர் செய்ய வேண்டியது தள்ளிப்போடுவது மட்டுமே. இது அக்காவுக்கும் தெரியும்.

"செவுரு வுழட்டும்னு குந்திக்கினு கீறான்" என்றார் என்னிடம். "வுழுந்தா மனைய கேட்டு வருவான். வருவான் பாரு, அப்பவும் சிரிச்சிக்கினே வருவான்."

வழி கண்டுபிடித்தவர், மற்ற மூன்று சுவர்களையும் பூசிய மேஸ்திரி சுப்புராயன். அவருக்கும் அக்காவுக்கும் தினமும் சண்டை. பத்து மணிக்கு முன்னால் டீ கேட்டால் அக்கா, "கலவைய கலந்துட்டு வா, கலந்து தர்றேன்" என்பார். சுப்புராயன், "இந்தம்மா வூட்ட பூசறதுக்குப் பதிலா பாலாறு தோண்டப் போலாம்" என்று சித்தாள்களிடம் முணுமுணுப்பார். ஆனாலும் வேலைக்காரர். சுவரில் இடுப்புக்கு மேலே ஒரு வரிசையாக ஓட்டை போட்டு, உள்ளிருந்து சவுக்குக் கழிகளை வெளியே நீட்டி, உள்முனையைக் கட்டிவிட்டு, வெளிமுனைகளின் மேல் பலகை போட்டு நின்று பூசலாம் என்றார். கழி மண்ணைத் தொடாது. மனைக்காரரிடம் கேட்க ஒன்றுமில்லை.

"ஆகாசம் அவன்துன்னு பட்டா இல்லியே?" என்றார் அக்கா. அன்றைக்குத்தான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

கரைந்து கிடக்கும் சுவரில் ஓட்டை போட்டால் பலம் குறையும் என்று நான் சொன்னேன். ரெண்டு நாளில் பூசி அடைத்துவிடலாம் என்றார் சுப்புராயன். சனிக்கிழமை ஓட்டை போட்டார்கள். ஞாயிறு வேலை இல்லை. அக்கா மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை பார்த்துவிட்டு வந்தார்.

திங்கள் காலையில் கழிகளோடு வந்த சுப்புராயன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டு, வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பினார். சுவரின் அடியில், ஓட்டைகளுக்கு நேர் கீழே, மூன்று செங்கல் நட்டு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. பக்கத்தில் எலுமிச்சம்பழம் குத்திய சின்ன சூலம். சூடம் எரிந்த கறை இன்னும் புதிதாக இருந்தது.

"சாமி கீதும்மா" என்றார்.

"நேத்து இல்லியே."

"இன்னிக்கி கீதே. தலைக்கு மேல பலக போட்டு நின்னு சிமென்ட்ட வுழ வெக்கச் சொல்றியா? எனக்கும் புள்ளக்குட்டி கீது." கழிகளைச் சேர்த்துக் கட்டினார். அவர் கூட வந்த சித்தாள்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

அக்கா நேராகப் பாகூருக்குப் போனார். கடையில் ஆட்கள் இருந்தார்கள். இராமச்சந்திரன் கையெடுத்து நெஞ்சில் வைத்துக்கொண்டு பேசினார். கனவில் முனீஸ்வரன் வந்தாராம். இடம் காட்டினாராம். "நான் இன்னா பண்ணட்டும்மா? என் கையில எதுவும் இல்ல. சாமிகிட்ட கேட்டுக்கோ."

"கேக்கறேன்" என்றார் ரோஸ்லின். "பூ கட்டுங்க. தெருவ கூப்புடுங்க. சாமி வேணாம்னா நான் வுட்டுடறேன். சாமி சரின்னா நீங்க வழி வுடணும்."

கடையில் இருந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். கழுத்துச் சிலுவையைப் பார்த்தார்கள். "உனக்கு எங்க சாமி எதுக்கும்மா?" என்றார் ஒருவர்.

"எங்கம்மாவும் பூப்போட்டுப் பாத்தவதான். எனக்கு மொற தெரியும்."

எங்கள் பக்கத்தில் இது பழக்கம். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வாழையிலையில் மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். விவரம் அறியாத குழந்தை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் உத்தரவு, சிவப்பு வந்தால் இல்லை. பெண் பார்ப்பதிலிருந்து போர் போடுவது வரைக்கும் இப்படிக் கேட்ட குடும்பங்கள் உண்டு. வந்த பதிலை மீறினால் ஊரில் முகம் கொடுக்க முடியாது. அக்கா அதைத்தான் நம்பினார். இராமச்சந்திரன் யோசிக்கவே இல்லை. "அதுக்கென்ன, பாத்துடலாம்" என்றார். அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டது எனக்குப் பிடிக்கவில்லை. அக்காவிடமும் சொன்னேன். "பாதிக்குப் பாதி தம்பி. இதுக்கு மின்ன எனக்கு அதுகூடக் கெடச்சதில்ல" என்றார்.

ஞாயிறு காலை தெருவே வந்திருந்தது. அக்கா மாதா கோயில் பூசைக்குப் போகாமல் நின்றார். இராமச்சந்திரன் மனைவி சுலோசனா, வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்த இரண்டு பொட்டலங்களைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்தார். சூடம் காட்டினார்கள். பொட்டலங்களைக் குலுக்கிச் செங்கற்களின் முன்னால் போட்டார்கள். விளையாடிக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண்ணைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னார்கள். எடுத்தாள். இராமச்சந்திரன் நாரைப் பிரித்தார்.

செவ்வரளி.

"உத்தரவு இல்ல" என்றார். குரலில் வருத்தம்கூட இருந்தது. கூட்டம் கலையத் தொடங்கியது. அப்போதுதான் அக்கா குனிந்து, கீழே கிடந்த இன்னொரு பொட்டலத்தை எடுத்தார்.

"அதத் தொடாத" என்றார் சுலோசனா.

அக்கா பிரித்துவிட்டார். உள்ளங்கையில் வைத்து எல்லோருக்கும் காட்டினார். அதுவும் செவ்வரளி.

இராமச்சந்திரனின் முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பைக் காணோம். சுலோசனா தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டார். "பாத்துக்கோங்க" என்றார் அக்கா. "ரெண்டும் செவப்பு. நல்லாப் பாத்துக்கோங்க. சாமிய வெச்சா ஏமாத்துறீங்க?"

பின்னால் நின்ற ஒரு பெண்மணி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். "வெள்ளயயும் செவப்பாக்கிட்டியே அப்பா" என்றாள்.

அவ்வளவுதான். இன்னொருத்தி, "ரெண்டு வாட்டி வேணாம்னு சொல்லுதுடி சாமி" என்றாள். கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் கூட்டம் முழுக்கப் பரவியது. ஒருவர் விழுந்து கும்பிட்டார். பக்கத்தில் நின்றவரிடம் நான், ரெண்டு பொட்டலத்திலும் சிவப்பைக் கட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான் என்று சொன்னேன். "படிச்சுட்டா எல்லாம் தெரிஞ்சுடுமா?" என்றார் அவர். இராமச்சந்திரன் மெதுவாகக் கைகூப்பினார். அவர் முகம் பழையபடி ஆயிற்று. அக்கா அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவரிடமிருந்த ஒரே சாட்சியை அவர் கண்முன்னாலேயே கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஓட்டைகளை உள்பக்கமிருந்து செங்கல் வைத்து அடைக்க சுப்புராயன் வரவில்லை. வேறு மேஸ்திரிகளும் வரவில்லை. அந்தச் சுவரைத் தொடக் கூடாது என்று சாமியே சொன்ன பிறகு யார் வருவார்கள். அக்கா கோணிப்பையைச் சுருட்டித் திணித்தார். கடையிலிருந்து தார்ப்பாய் வாங்கிப் போய் நான் உள்ளிருந்தே வெளியே தொங்கவிட்டுப் பார்த்தேன். காற்று அதை அன்றைக்கே கிழித்தது.

ஐப்பசியில் கடலில் தாழ்வு நிலை என்றார்கள். விடாமல் பெய்தது. தென்பெண்ணையில் தண்ணீர் வந்துவிட்டது என்று ஊரே பாலத்துக்கு வேடிக்கை பார்க்கப் போயிருந்த ஒரு மத்தியானம், ஓட்டை போட்ட வரிசையோடு, தபால்தலையைக் கிழித்த மாதிரி சுவரின் மேல்பாதி பெயர்ந்து வெளியே சாய்ந்தது. கூடவே கூரை ஓடுகளும் மரச் சட்டங்களும் இறங்கின. அக்கா அப்போது அடுப்பங்கரையில் இருந்தார். அடியில் நின்ற பாதிச் சுவரை ஒட்டியிருந்த அந்த மூன்று செங்கல்லின் மேல் ஒரு துண்டுகூட விழவில்லை. மேல்பாதி தள்ளிப் போய் விழுந்தால் அடியில் எப்படி விழும். இதற்கு இயற்பியல் வேண்டியதில்லை, கண் போதும். ஆனால் மறுநாளே பக்கத்து ஊர்களிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆட்கள் வந்தார்கள். பேசுகிற முனீஸ்வரன். எதிர்த்துக் கேட்டவள் வீட்டை இடித்த முனீஸ்வரன். இடிந்த அறைக்குள் கட்டில் மேல் குடை பிடித்து உட்கார்ந்திருந்த அக்காவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். ஒரு பெண் தன் பிள்ளையிடம், "அவங்கதான்" என்று காட்டினாள்.

இராமச்சந்திரன் அக்காவின் மனையை விலை பேச வந்தார். அக்கா சொன்னபடியே சிரித்துக்கொண்டு வந்தார். "செவுரு இல்லாத வூட்ட வெச்சுக்கினு இன்னா பண்ணப் போற?" என்று கேட்டார். அக்கா கதவைச் சாத்தினார். அந்தக் கதவு மட்டும் உறுதியாக இருந்தது.

அடுத்த வாரம் மணிபாரதி வந்தான். ஷேர் ஆட்டோ ஓட்டுபவன், தெருப் பையன்களுக்குத் தலைவன். சாமிக்குக் கொட்டகை போட ஊரில் வசூல் சேர்ந்துவிட்டது. சாமிக்குப் பின்னால் இடிந்த சுவர் இருந்தால் ஆகாது.

"அக்கா, உங்க செவுத்த நாங்களே கட்டித் தர்றோம். பூசி, பெயின்ட்டும் அடிச்சுத் தர்றோம். உங்களுக்குப் பைசா செலவில்ல."

அக்கா அண்ணாந்து பார்த்தார். மேலே வானம் தெரிந்தது. பாய் நனைந்திருந்தது. "எப்ப ஆரம்பிப்பீங்க?" என்று கேட்டார். வேறு எதுவும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். நனைந்த பாயில் படுத்தவர்கள் சொல்லட்டும்.

இராமச்சந்திரன் மட்டும் தடுத்துப் பார்த்தார். "மணி, அது என் மனடா. நான் கொடோன் கட்டப் போறேன்."

"சாமியே காட்ன எடம்னு நீங்கதான மொதலாளி சொன்னீங்க?"

இராமச்சந்திரன் கடைக்குத் திரும்பினார். வியாபாரி. இரண்டு நாளில் கணக்கை மாற்றிக்கொண்டு, தன் கடையிலிருந்தே சிமென்ட் மூட்டைகளை அனுப்பினார். நிறுவனர், தர்மகர்த்தா என்று அவர் பெயர் பொறித்த சலவைக்கல் அந்தச் சுவரில்தான் பதிந்திருக்கிறது. சுப்புராயன்தான் சாரம் கட்டினார். காலி மனையில் கழி ஊன்றி, பலகை போட்டு, சாமி தலைக்கு மேலே நின்று, பாட்டுப் போட்டுக்கொண்டு பூசினார். துணியால் செங்கல்லை மூடியிருந்தார்கள், அதுவே போதுமாம். வெளிப்பக்கம் நல்ல பூச்சு. காவியும் வெள்ளையும் பட்டை அடித்தார்கள். உள்பக்கம் பூசவில்லை. கொட்டகையின் இரும்புக் குழாய்களைச் சுவரில் செருகியதில் முனைகள் ஒரு சாண் நீளத்துக்கு அக்காவின் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கின்றன.

தை மாதம் அக்கா மீன் பொரித்தார். சங்கரா. அரை மணி நேரத்தில் வாசலில் ஆட்கள்.

"இன்னாக்கா, சாமி செவுத்துக்குப் பின்னாடி கவுச்சி வறுக்குற?" என்றான் மணிபாரதி.

"முனீஸ்வரனுக்குக் கெடா வெட்டுறீங்க. சுருட்டு வெக்கறீங்க. என் மீனு இன்னாடா பண்ணுது?"

"அது படையல். நீ வறுக்குறது வேற."

"நான் என் வூட்டுல வறுக்குறன்."

"அந்தச் செவுரு கோயிலுது. எங்க காசுல கட்னது. ஊரக் கேளு."

ஊரைக் கேட்க வேண்டியிருக்கவில்லை, ஊர் அங்கேயே நின்றது. அக்கா சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர்கள் முன்னாலேயே ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டு மென்றார். யாரோ அவர் கையைத் தட்டிவிட்டார்கள். கொதிக்கும் எண்ணெய் அவர் பாதத்தில் கொட்டியது. நான் வந்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும்போது, "மீனு மண்ணுல வுழுந்துடுச்சு தம்பி" என்றார். போலீசில் எழுதிக் கொடுத்தோம். பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார்கள். மாதா கோயில் பங்குச் சாமியார் கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். ஒரு வக்கீலைப் பார்த்தேன். சுவரை அவர்கள் கட்டும்போது எழுத்தில் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்டார்.

ரோஸ்லின் அக்கா இப்போதும் குருவிநத்தத்தில் அந்த வீட்டில்தான் இருக்கிறார். விற்கவில்லை. வடக்கு அறையைப் பூட்டிவிட்டு, அடுப்பங்கரையிலேயே படுக்கிறார். வெந்த கால் ஆறிவிட்டது, கொஞ்சம் இழுத்து நடக்கிறார். வாரம் ஒரு நாள் மீன் வாங்குகிறார்.